வாக்குவம் கிளீனர்: வாங்குபவர் ஒருவர், பெருக்குபவர் ஒருவர்

பென்ஷன் வாங்குகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சர்க்கரை அளவில் தொடங்கி, முழங்கால் வலிக்குப் போய், கடைசியில் வீட்டு வேலையில் வந்து நிற்கும். போன மாதம் மூங்கில்துறைப்பட்டு பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அது வாக்குவம் கிளீனரில் வந்து நின்றது. நண்பர் ஒருவரின் மகன் பெங்களூரிலிருந்து, "நல்லதா ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமாப்பா? ஐம்பதாயிரம் ஆனாலும் பரவாயில்லை" என்று கேட்டானாம். "நீதான் மோட்டார் ஆளாச்சே, நீ சொல்லு" என்று அவர் என் பக்கம் திரும்பிவிட்டார். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நம் ஊர் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் மின்பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். மோட்டார் எந்தச் சத்தம் போட்டால் எங்கே வலிக்கிறது என்று ஓரளவு தெரியும். வீட்டில் இரண்டு வாக்குவம் கிளீனர்களைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். மகள் ஜெர்மனியில் இருப்பதால் அங்கே மூன்று மாதம் ஒன்றைத் தள்ளிப் பார்த்திருக்கிறேன். மகன் வீட்டில் தானாக ஓடும் ரோபோவையும் கவனித்திருக்கிறேன். எங்களிடம் இருந்தவை எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. குறை ஒரு கம்பெனியுடையது மட்டுமல்ல, எல்லோரிடமும் இருக்கிறது.

முதலில் இந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்று பார்க்கலாம். 1901இல் இங்கிலாந்தில் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் தூசியை உறிஞ்சும் இயந்திரத்தைச் செய்தார். அதற்கு முன் இருந்த சில கருவிகள் தூசியை ஊதித் தள்ளின. ஊதினால் தூசி பக்கத்து நாற்காலிக்குப் போகும், அவ்வளவுதான். பூத்தின் இயந்திரம் குதிரை வண்டியில் வரும். தெருவில் நின்றுகொண்டு, நீளக் குழாயை ஜன்னல் வழியாக உள்ளே விடுவார்கள். 1902இல் ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை இதை வைத்துத்தான் சுத்தம் செய்தார்கள்.

கையில் தூக்கக்கூடிய மின்சார இயந்திரத்தை மக்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஒரு கடைக் கட்டடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். பெருக்கும்போது கிளம்பும் தூசியால் அவருக்கு இருமலும் மூச்சிரைப்பும். ஒரு சின்ன மின்விசிறி மோட்டார், ஒரு சோப்புப் பெட்டி, ஒரு துடைப்பக் கட்டை, தூசி பிடிக்க ஒரு தலையணை உறை, இவ்வளவையும் சேர்த்துக் கட்டினார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கியவர்கள்தான் ஹூவர் குடும்பத்தார். இன்றைக்கும் இங்கிலாந்தில் 'ஹூவர் செய்வது' என்றாலே வீடு பெருக்குவதுதான்.

இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர், துடைப்பம் பிடித்து இருமிய ஒரு ஆள். இன்று அறுபதாயிரம் ரூபாய்க்கு இதைச் செய்து விற்கிறவர்களுக்கு அந்த ஆள் மறந்துபோய்விட்டார்.

நம் நாட்டில் இந்தக் கருவியை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது யுரேகா ஃபோர்ப்ஸ். 1982இல் ஃபோர்ப்ஸும் சுவீடன் நாட்டு எலெக்ட்ரோலக்ஸும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. வெயிலில் டை கட்டிக்கொண்டு, பெரிய பையோடு வரும் இளைஞர்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுத்தமாக இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருந்த மெத்தையை உறிஞ்சி, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறத் தூசியைக் காட்டுவார்கள். பார்த்த மனைவிமார்கள் முகம் மாறும். செக் புத்தகம் வெளியே வரும். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு டிரம் வகை இயந்திரம் வந்தது. மாசம் ஒருமுறை மெத்தைக்கும் ஒட்டடைக்கும் பயன்பட்டது. மற்ற நாளெல்லாம் பரண் மேல். தினசரிப் பெருக்கலுக்குத் துடைப்பம்தான்.

அதில் தவறு ஒன்றுமில்லை. நம் வீட்டுத் தரை சிமெண்ட், மொசைக், டைல்ஸ். கம்பளம் கிடையாது. ஈச்ச ஓலை விளக்குமாறு இந்தத் தரைக்கு நன்றாகவே பெருக்கும். வாசலில் தண்ணீர் தெளித்துப் பெருக்கச் சொன்ன நம் பாட்டிமார்கள் தூசி பறக்கக்கூடாது என்பதை எந்த விஞ்ஞானியும் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் நிலைமை மாறியது 2024 டிசம்பரில். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு வந்ததுதான் எங்களுக்குச் சோதனை. படிந்த வண்டல் காய்ந்து, லாரியும் டிராக்டரும் ஓட ஓட மாவாகப் பறந்தது. காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். என் மனைவிக்கு ஏற்கெனவே வீசிங். அந்தக் குளிர்காலம் முழுக்க இன்ஹேலர் கையிலேயே இருந்தது. திருவண்ணாமலையில் பார்த்த டாக்டர், "வீடு பெருக்கும்போது அம்மா அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. முடிஞ்சா துடைப்பத்தை நிறுத்திட்டு வாக்குவம் போடுங்க" என்றார். மகன் உடனே உயர்ந்த ரகமாக ஒன்று, ஒயர் இல்லாத கம்பு வகை, வாங்கி அனுப்பிவிட்டான்.

இனி ஒவ்வொரு வகையாகச் சொல்கிறேன்.

கம்பு வகையில் மோட்டார், பாட்டரி, தூசிக் குப்பி எல்லாம் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆலையில் நான் பார்த்த மோட்டார்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1440 சுற்று. இந்தக் கைக்குழந்தை மோட்டார்கள் ஒரு லட்சம் சுற்றைத் தாண்டுகின்றன. கார்பன் பிரஷ் கிடையாது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. தூசியைப் பிரிப்பது சைக்ளோன் முறை. நவீன ரைஸ் மில் கூரை மேல் கூம்பு ஒன்று தலைகீழாக நிற்குமே, அதே தத்துவம். காற்றைச் சுழலவிட்டால் கனமான துகள் ஓரத்துக்குப் போய்க் கீழே விழும். மர அறுவை மில்லில் இந்தக் கூம்பைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் டைசனுக்கு யோசனை வந்தது. 5,127 மாதிரிகள் செய்து பார்த்த பிறகுதான் அவருக்குத் திருப்தி. அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஜெர்மனியில் மகள் வீட்டில் இருந்தது பை வகை. சக்கரத்தில் உருளும் பெட்டி, நீளக் குழாய், உள்ளே காகிதம் போன்ற பை. அந்த ஊர் மீலே போன்ற கம்பெனிகள் இன்னமும் பையை விடவில்லை. பை நிறைந்தால் வாயை மூடி அப்படியே குப்பைக்குப் போட்டுவிடலாம். தூசி திரும்ப மூக்குக்கு வராது. மூச்சுக் கோளாறு உள்ள வீட்டுக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இங்கே அந்தப் பைக்கு எங்கே போவது? திருவண்ணாமலையிலும் கிடைக்கவில்லை, கள்ளக்குறிச்சியிலும் கிடைக்கவில்லை. ஆன்லைனில் வரவழைக்க வேண்டும், விலையும் கொஞ்சமல்ல.

ரோபோ வகை சமத்து. கட்டிலுக்கு அடியில் நுழைந்து நாம் குனிய முடியாத இடத்தைச் சுத்தம் செய்யும். அடுக்குமாடி வீட்டில் தரை ஒரே மட்டம், அதனால் அங்கே ஓடும். நம் பக்கத்து வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் நிலைப்படி உண்டு. அதைப் பார்த்ததும் அது நின்றுவிடும். தரையில் கிடக்கும் பாய், செருப்பு, போன் சார்ஜர் ஒயர் எல்லாம் அதற்கு மலை.

இப்போது வேலைக்கு வரும் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். இயந்திரம் வந்த அன்று பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது வந்துட்டா நான் எதுக்குங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "அது தானா நடக்குமா? நீதான் பிடிக்கணும்" என்றாள் என் மனைவி. அவர் முகம் தெளிந்தது. இரண்டே நாளில் பழகிக்கொண்டார். முதுகு வலி குறைந்ததாகச் சொன்னார். "குனிய வேண்டாம்மா, அது ஒண்ணே போதும்" என்றார்.

ஒரு வாரம் கழித்து நான் கொல்லைப்பக்கம் போனபோது அந்த அம்மா தூசிக் குப்பியைக் காலி செய்துகொண்டிருந்தார். முந்தானையை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கி, மூடியைத் திறந்தார். பொசுக்கென்று ஒரு புகை மேகம் கிளம்பியது. இருமிவிட்டுத்தான் உள்ளே வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. என் மனைவியின் நெஞ்சுக்குப் போகவேண்டிய தூசி பத்திரமாகச் சேர்த்துவைக்கப்பட்டு, ஒரே மூச்சில் இன்னொரு பெண்ணின் நெஞ்சுக்குப் போகிறது. இதற்காகவா அறுபதாயிரம்?

அன்றிலிருந்து குப்பியைக் காலி செய்வது என் வேலை. பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் குப்பியை முழுக்க விட்டு, கவரின் வாயைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும். ஒரு நிமிடம் பொறுத்து, தூசி அடங்கியதும் எடுக்க வேண்டும். கவருக்குள் முன்கூட்டியே ஈரக் காகிதம் போட்டுவைத்தால் இன்னும் நல்லது. இந்த இயந்திரத்தைச் செய்கிறவர்கள் நினைத்தால் செய்ய முடியாத காரியமா இது? குப்பியின் வாயில் ஒரு சாதாரண பையை மாட்ட ஒரு வளையம் வைத்தால் போதும்.

ஹெப்பா ஃபில்டர் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கவேண்டும் என்பது அதன் இலக்கணம். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் எவ்வளவு பொடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் நல்லதுதான். ஆனால் இயந்திரத்தின் இணைப்புகளில் காற்றுக் கசிவு இருந்தால் ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. குப்பியைத் திறக்கும்போது வெளியே கொட்டினாலும் பயனில்லை. 99.97 என்று அளக்கிறவர்கள், காலி செய்யும்போது எவ்வளவு வெளியே போகிறது என்றும் அளந்து பெட்டியில் போடட்டும்.

அளப்பதைப் பற்றி ஒரு சுவையான வழக்கு உண்டு. ஐரோப்பிய யூனியன் வாக்குவம் கிளீனர்களுக்கு மின்சிக்கன லேபிள் ஒட்டச் சொன்னது. சோதனையை வெறும் பையோடு, தூசியே இல்லாமல் செய்தார்கள். வீட்டில் யாராவது காலிப் பையோடு பெருக்குகிறோமா என்று டைசன் கம்பெனி கேஸ் போட்டது. 2018 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த லேபிள் விதியை ரத்து செய்தது. நியாயமான கேள்விதான். அதே கேள்வியை நாமும் கேட்கலாம். கோலமாவும் ஆற்று வண்டலும் செம்மண்ணும் பாதிக் குப்பி நிறைந்த பிறகு இழுவை எவ்வளவு இருக்கும்? நம் ஊர்த் தூசி மாவு போன்றது. இரண்டு நாளில் ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது. கழுவினால் 24 மணி நேரம் காயவேண்டும் என்கிறது புத்தகம். அடுத்த நாள் எதை வைத்துப் பெருக்குவது? உயர்ந்த விலைக்கு விற்கும்போது உபரியாக ஒரு ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே வைக்கக்கூடாதா?

வாட் கணக்கில் ஏமாறாதீர்கள் என்றும் நண்பர்களுக்குச் சொல்கிறேன். 2000 வாட் என்றால் அது கரண்டை எவ்வளவு தின்கிறது என்பதுதான், எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதல்ல. ஐரோப்பாவில் 2014இல் 1600 வாட்டுக்கு மேல் விற்கக்கூடாது என்றார்கள். 2017இல் அதை 900 வாட்டாகக் குறைத்தார்கள். அதற்குள்தான் நல்ல இயந்திரங்கள் செய்கிறார்கள். நம் வீட்டுச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்குச் சுமார் 1380 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். பழைய வீடுகளில் அது ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதிலும் ஃபிரிட்ஜ் மாட்டியிருக்கும். ஒயர் வகை வாங்குகிறவர்கள் முதலில் வீட்டுச் சுவரைப் பாருங்கள்.

அதே ஐரோப்பிய விதியில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. 2017 முதல் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்கவேண்டும், குழாய் 40,000 முறை வளைந்து நிமிர்ந்தாலும் தாங்கவேண்டும் என்றார்கள். அவர்கள் கணக்கில் ஒரு வீட்டை வருடத்துக்கு 50 முறை சுத்தம் செய்கிறார்கள், அதாவது வாரம் ஒருமுறை. ஒரு முறைக்கு ஒரு மணி நேரம் என்றால் 500 மணி நேரம் பத்து வருடம். நம் வீட்டில் தினம் காலையும் மாலையும் பெருக்குகிறோம். பத்துப் பத்து நிமிடம் என்று வைத்தாலே 1500 நாளில் 500 மணி முடிந்துவிடும். நாலு வருடம்தான். எல்லாக் குறைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இவை வாரம் ஒருமுறை கம்பளம் பெருக்குகிற ஊருக்காகச் செய்யப்பட்டவை. தினம் இரண்டு வேளை வெறுந்தரை பெருக்குகிற ஊருக்கு அப்படியே வந்துவிட்டன.

தினம் கையில் பிடிப்பவருக்குத்தான் சின்னச் சின்ன விஷயங்கள் தெரியும். எங்கள் இயந்திரத்தில் விசையை விரலால் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும், விட்டால் நின்றுவிடும். பாட்டரி மிச்சமாம். பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்து வந்த விரலுக்கு அது பெரிய வேதனை. அழுத்தினால் ஓடவும் மறுபடி அழுத்தினால் நிற்கவும் ஒரு பொத்தான் வைத்தால் தீர்ந்தது. சில புது மாடல்களில் வந்திருக்கிறது, எல்லாவற்றிலும் வரட்டும். எடை மூன்று கிலோ என்றாலும் அது முழுக்க மேலே, மணிக்கட்டில் தொங்குகிறது. அந்த எடையைத் தரைக்கு இறக்கினால் வயதானவர்களும் தள்ளலாம். அடுத்து முடி. நம் வீட்டில் நீள முடியும், பூ கட்டிய நாரும், புடவை நூலும் உருளையில் சுற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை நான் கத்தரிக்கோலோடு உட்காருகிறேன். உருளையைக் கையாலேயே கழற்றும்படி எல்லோரும் செய்யலாம்.

கடைசியாக, பழுது. எங்கள் பழைய டிரம் இயந்திரம் ஒருநாள் பொறி பறந்து நின்றபோது, வந்து பார்த்தவர் மோட்டாரையே மாற்றவேண்டும் என்றார். நான் திறந்து பார்த்தேன். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. மிக்சி ரிப்பேர் கடையில் அளவு பார்த்து ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். டீ செலவுதான். அதன் பிறகு ஆறு வருடம் ஓடியது. இப்போது வருகிற உயர்ந்த ரகங்களில் பல இடங்களில் ஸ்குரூ இல்லை, பிளாஸ்டிக் கொக்கிதான். திறந்தால் உடையும். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது நீக்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே தொடங்கியிருக்கிறது. கம்பெனிக்காரர்கள் அந்த எண்ணத்தைப் பொருளிலும் காட்டவேண்டும். ஸ்குரூ போடுங்கள். பாட்டரியையும் ஃபில்டரையும் பத்து வருடம் விற்பனையில் வையுங்கள். உதிரி பாகத்தின் எண்ணை அதன் மேலேயே அச்சடியுங்கள். கையேட்டைப் பெரிய எழுத்தில் தமிழிலும் கொடுங்கள். சங்கராபுரத்து எலெக்ட்ரிகல் கடைக்காரர் மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

இவ்வளவு குறை சொன்னாலும், இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன குளிர்காலத்தில் என் மனைவிக்கு இரவு எழுந்து உட்காரும் நாட்கள் குறைந்தன. மருந்தும் சேர்ந்துதான் அது. ஆனாலும் பெருக்கும்போது தூசி பறக்காதது ஒரு காரணம் என்று டாக்டரும் சொன்னார், நானும் நம்புகிறேன். ஒட்டடைக்கும் ஜன்னல் கம்பிக்கும் அது ஒரு வரம். மூலை முடுக்குக்கும் வாசலுக்கும் துடைப்பம் இன்னும் இருக்கிறது, இருக்கும்.

நண்பர் மகனுக்கு என் பதில் இதுதான். மூச்சுக் கோளாறு இருந்தால் பை வகை வாங்கு, கூடவே இரண்டு வருடத்துக்குப் பையும் வாங்கிவிடு. இல்லாவிட்டால் இதற்கு அவ்வளவு பணம் வேண்டாம், பத்தாயிரத்துக்குள்ளேயே நல்லது கிடைக்கும். உயர்ந்த ரகம்தான் என்றால் நான்கு விஷயம் பார்: விசையை அழுத்திப் பிடிக்க வேண்டுமா, குப்பி புகையாமல் காலியாகுமா, பாட்டரி தனியாகக் கிடைக்குமா, பக்கத்தில் சர்வீஸ் உண்டா. இன்னொன்று. கடைக்குப் போகும்போது அப்பாவை மட்டும் கூட்டிப் போகாதே. அந்த வீட்டில் தினம் பெருக்குகிறவர் யாரோ, அம்மாவோ வேலைக்கு வருகிறவரோ, அவரையும் கூட்டிப் போ. அவர் கையில் ஐந்து நிமிடம் கொடுத்து, குப்பியைத் திறந்து மூடச் சொல். விலைப்பட்டியலை அதற்கப்புறம் பார்க்கலாம்.